லூகான் வீட்டின் ஐந்தாவது பெயர்

ஸாப்ரெக்,
3 பிப்ரவரி 1998

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்கள் எழுதிய ‘லூகான் வீட்டார்: ஒன்பது தலைமுறை’ என்ற கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்து அறிக்கை தரும்படி மாவட்டக் குடும்ப வரலாற்றுச் சங்கம் என்னைக் கேட்டிருக்கிறது. சங்கத்துக்கு வருகிற வம்சாவளிகளை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். என் கையெழுத்து விழாமல் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. தாங்கள் என் சிற்றப்பா மகள், ஆகவே வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “அந்த வீட்டிலேயே பிறந்து அந்த வீட்டிலேயே இருக்கறவர் நீங்க. உங்கள விட்டா யாரு பாப்பா?” என்றார்கள். எனவே நடுவர் என்ற முறையில் மட்டும் எழுதுகிறேன்.

தாத்தா அன்டோனை ‘சாந்தமானவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்கோல் அள்ளும் கவையை எடுத்துக்கொண்டு தபால்காரரைப் பாலம் வரை துரத்தியவர் அவர். சாந்தத்துக்கு என்ன ஆதாரம்? வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஆப்பிள் மரம் என்கிறீர்கள். பேரி மரம். இதை எழுதும்போது ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தந்தை யானெஸ் மாடுகளை விற்றது போருக்குப் பிறகு, முன்பு அல்ல.

தங்கள் தாயாருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மலை மேல் தொமாஜின் வீட்டிலிருந்து வந்த மருமகளுக்கு லூகான் வீட்டு வரலாற்றில் அத்தியாயம் எதற்கு? நவம்பர் முதல் தேதி, அனைத்துப் புனிதர் நாளில் எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவரோ கல்யாணத்துக்கு முன்பே எங்கள் கல்லறையில் வந்து ஏற்றினார். அப்போதே வீட்டின் மேல் கண் வைத்துவிட்டார் என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை மட்டும் எழுதவில்லை.

நன்றிப் பக்கத்தில் பாதிரியார் இருக்கிறார், நூலகர் இருக்கிறார், தட்டச்சு செய்த பெண் இருக்கிறாள், தங்கள் கணவர் சில்வானோ இருக்கிறார். பூனை கூட இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவன் பெயர் இல்லை. இது பிழைக் கணக்கில் சேராது. கண்ணில் பட்டது, சொன்னேன்.

இப்படிக்கு,
சிரில் யெலோவ்சான்
நடுவர்


ட்ரியெஸ்டே,
14 பிப்ரவரி 1998

சிரில் அண்ணா,

அம்மையீரா? எனக்கு மூக்கு ஒழுகியபோது உன் சட்டைக் கையால் துடைத்துவிட்டவன் நீ. இப்போது நான் அம்மையீர் ஆகிவிட்டேன். கடிதத்தைச் சில்வானோவிடம் படித்துக் காட்டினேன். “இந்த ஆளு யாரு, வரி ஆபீஸா?” என்று கேட்டார்.

பேரி மரத்தை ஒப்புக்கொள்கிறேன். மாடுகளையும் ஒப்புக்கொள்கிறேன். தாத்தா சாந்தமானவர்தான். அந்தத் தபால்காரர் பேச்சு வாங்க வேண்டியவர்.

அம்மாவின் அத்தியாயத்தை ஒரு வரிகூடக் குறைக்க மாட்டேன். உன் அம்மா சொன்னதை இத்தனை வருடம் கழித்து அச்சு அசலாக என்னிடம் திருப்பிச் சொல்கிறாய், வெட்கமாக இல்லையா? அம்மா அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் ‘மலைக்காரி’ என்ற பெயரோடுதான் இருந்தாள். செத்த பிறகாவது அவளை நிம்மதியாக விடு.

நன்றிப் பக்கம் பற்றிக் கேட்கிறாய். இரண்டு வருடம் முன்பு இலையுதிர் காலத்தில் உன் வாசலில் வந்து நின்றேன், நினைவிருக்கிறதா? “அண்ணா, உன் பெட்டிகளக் கொஞ்சம் பாக்க விடேன், ரெண்டு பேருமாச் சேந்து எழுதலாம்” என்றேன். நீ ஜன்னலைப் பாதி திறந்து, “மழ வர்ற மாதிரி இருக்கு, பஸ்ஸு போயிடும்” என்றாய். வானம் பளிச்சென்று இருந்தது. முப்பது வருடமாகச் சேர்த்ததை ஷூ பெட்டிகளில் போட்டுக் கயிறு கட்டிப் பரணில் வைத்திருக்கிறாய். ஒருவருக்கும் காட்டியதில்லை. அந்தப் பெட்டிகளுக்கு எப்படி நன்றி சொல்வது?

விஷயத்துக்கு வா. புத்தக வெளியீட்டுக்கு ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஊரே கூடுகிறது. உன் வாசல் சுவரில் பதிக்கும் கல்லில் ஒன்பது பெயரும் வருகிறது, கடைசிப் பெயர் உன்னுடையது. சங்கத்தின் சான்று வந்தால்தான் கல்தச்சர் உளியைத் தொடுவேன் என்கிறார், அச்சகமும் அப்படித்தான். எல்லாம் உன் ஒரு கையெழுத்தில் நிற்கிறது. பேரி மரத்துக்காக வேண்டுமானால் திட்டிவிட்டு, போட்டுவிடு.

ப்ரேடா


ஸாப்ரெக்,
9 மார்ச் 1998

ப்ரேடா,

நீ ‘நீ’ என்று எழுதிவிட்டாய், நானும் அப்படியே எழுதுகிறேன்.

நேற்று ஸ்லாவ்கா கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன்.

“சிரில், உங்க ப்ரேடா ரேடியோவுல பேசினாளே, கேட்டீங்களா? என்னா கொரலு! லூகான் வீட்டப் பத்தி எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கா!”

“நான் அந்த வீட்லதான் தூங்கறேன்” என்றேன்.

“தூங்கறது வேற, எழுதறது வேற” என்று சொல்லிச் சில்லறையை நீட்டினாள். பக்கத்து வீட்டு லோவ்ரோ, பல் இல்லாத வாயோடு அப்படிச் சிரித்தான். “முப்பது வருஷமா இவன் பென்சில்தான் சீவிட்டு இருந்தான்” என்றான்.

ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன். மேயர் உனக்கு அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார். எனக்கு ‘வீட்டு வாசலைக் காலியாக வைத்திருக்கவும்’ என்று ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். நாற்காலி போட வேண்டுமாம்.

இது பொறாமைதான். உனக்குக் கடல் இருக்கிறது, புருஷன் இருக்கிறான், மூன்று பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறுகிறது. எனக்கு இருந்தது இந்த ஒரு விஷயம்தான். அதையும் மருந்துக்கடையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து எடுத்துக்கொண்டாய். ஒரு தேதி சந்தேகமாக இருந்தால் எனக்குப் பேனா நகராது. உனக்கு நகர்கிறது. மூன்று குளிர்காலத்தில் முந்நூறு பக்கம்.

ஆனால் ஓட்டை இருக்கிறது. உன் ஐந்தாவது பெயர். நான்காவது ஆள் கிரெகோர், அவர் மகன் மத்தியா என்று எழுதியிருக்கிறாய். ஆதாரமாகத் தருவது ‘லூகான் வீட்டு மத்தியா’ என்ற ஒரு குறிப்பு மட்டும். இங்கே பெயர் வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. உள்ளே வந்து படுத்தவனுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். நம் மாடி அறையில் ஒரு குளிர்காலம் குடியிருந்த தையற்காரரைக் கூட ஊர் ‘லூகான்’ என்றுதான் கூப்பிட்டது. இது உனக்குத் தெரியாதா? ட்ரியெஸ்டே காற்றில் மறந்துவிட்டதா?

நானும் அந்த இடத்தைத் தோண்டியதில்லை. நம் வீட்டைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. உன் புத்தகத்தைச் சந்தேகப்பட வருகிறது. ஈஸ்டருக்கு முன் தலைநகர் லுப்லியானா போய்ச் சர்ச் ஆவணங்களைப் பார்க்கப் போகிறேன்.

சிரில்


ட்ரியெஸ்டே,
20 மார்ச் 1998

அண்ணா,

போகாதே.

பேரி மரத்துக்காக என்னைக் கிழி. அம்மாவின் அத்தியாயத்தைப் பாதியாகக் குறைக்கிறேன், நீ கேட்டபடியே. நன்றிப் பக்கத்தில் உன் பெயரை முதலில் போடுகிறேன். மத்தியாவை மட்டும் அவன் இருக்கிற இடத்தில் விட்டுவிடு. நூற்றைம்பது வருடமாக அவன் அங்கே நிம்மதியாக இருக்கிறான்.

காரணம் கேட்காதே. நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ப்ரேடா


ஸாப்ரெக்,
17 ஏப்ரல் 1998

ப்ரேடா,

நீ போகாதே என்று எழுதியதும் போயே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. பயந்துபோனாய் என்று நினைத்தேன். பயப்பட வேண்டிய விஷயம்தான்.

மத்தியா கிரெகோரின் மகன் அல்ல. மலைக்கு அப்பால் ஒரு பண்ணையில் பிறந்தவன். நம் வீட்டுக்குப் பண்ணையாளாக வந்தான். கிரெகோர் காட்டில் மரம் விழுந்து செத்தார். மனைவி மார்யெட்டாவின் கையில் நேஜா என்ற ஒரே பெண் குழந்தை, வயலில் அறுக்காத புல். அடுத்த பிப்ரவரியில் பண்ணையாளையே கட்டிக்கொண்டாள். அவன் வீட்டுக்குள் வந்தான், லூகான் ஆனான். குடும்பப் பெயரும் யெலோவ்சான்தான். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு அதுதானே பெயர், அதனால் காகிதத்தில் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. அவர்களுக்குப் பிறந்த யூரியிலிருந்துதான் நம் தாத்தா, நம் அப்பாக்கள், நாம். வீட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனாய், ரத்தம் கையை விட்டுப் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் செய்கிற தப்பு. ஸாப்ரெக்கில் பிறந்தவள் செய்யலாமா?

அங்கே உட்கார்ந்திருந்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். காப்பாளர் பெண், “ஐயா, கொஞ்சம் மெதுவா” என்றாள். திரும்பி வரும் வழியில் கிரான் ஊர் ரயில் நிலையத்தில் ஒரு கேக்கும் காப்பியும் வாங்கிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் எனக்காக நான் கேக் வாங்கியதே இல்லை.

எனக்கும் தெரிகிறது. கிரெகோரின் ரத்தம் எனக்கு இல்லை, உனக்கும் இல்லை. கல்லில் என் பெயர் மற்ற எட்டோடு ஒரே கோட்டில் வராது. போகட்டும். எனக்கு இல்லாதது உனக்கும் இல்லை, அந்த மட்டில் சமம். நேஜா பெரியவளாகி எங்கேயோ கல்யாணமாகிப் போனாள். பெண் வழி. அதை நான் தேடவில்லை, தேவையும் இல்லை.

‘சான்று தர இயலாது’ என்று அறிக்கை எழுதி உறையில் போட்டுவிட்டேன். தபாலில் போடவில்லை. உன் பதிலைப் படித்துவிட்டுப் போடுவேன். அந்த மகிழ்ச்சியை நான் இழக்கத் தயாரில்லை.

சிரில்


ட்ரியெஸ்டே,
2 மே 1998

அண்ணா,

நேஜா எங்கேயும் போகவில்லை. மலை மேல் போனாள், அவ்வளவுதான். தொமாஜின் வீட்டுக்கு.

அவள் மகன், அவன் மகன், பிறகு என் அம்மா. நீயும் பெரியம்மாவும் ‘மலைக்காரி’ என்று சொன்னவள். பண்ணையாள் மகன் வந்த பிறகு, நேஜாவுக்கு வீட்டில் பங்கு இல்லாமல் ஒரு மாடும் ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வந்து அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அவள் பிள்ளைகள் ஏற்றினார்கள். அம்மா சிறு பெண்ணாக ஏற்றினாள், கல்யாணத்துக்கு முன்பு ஏற்றினாள், பின்பும் ஏற்றினாள். உங்கள் வீட்டின் மேல் கண் வைத்து வரவில்லை. தன் பாட்டனைப் பார்க்க வந்தாள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போதே சொல்லிவிட்டாள். காற்றுக்குக் கை மறைத்து, திரியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள். “இது யாருக்கும்மா?” என்று கேட்டேன். “கிரெகோருக்கு. நம்ம ஆளு. வீட்ல சொல்லிடாத, சிரிலோட அம்மா மனசு கஷ்டப்படும்.” அவளை அவ்வளவு பேசியவர்களின் மனசு கஷ்டப்படக் கூடாதாம்.

ஆகவே, நடுவரே, நான் பிழை செய்யவில்லை. பொய் எழுதினேன். தெரிந்தே மத்தியாவைக் கிரெகோருக்குப் பிள்ளையாக்கினேன்.

ஏன் என்று உனக்குப் புரியாமலா இருக்கும்? புரியாதது போலத்தான் நீ எழுதுவாய், அதனால் சொல்கிறேன். என்னிடம் என்னென்ன இருக்கிறது என்று நீயே பட்டியல் போட்டிருக்கிறாய், கடல், புருஷன், பிள்ளைகள் என்று. உன்னிடம் அந்த வீடும் அந்த ஒன்பது பெயரும் மட்டும்தான். அதில் கடைசிப் பெயர் நீ. உனக்குப் பின்னால் பத்தாவது இல்லை. கல்லிலாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கிரெகோர் எனக்கு ரத்தம்தான், ஆனால் அவரை வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. உனக்குக் கொடுத்துவிட்டேன்.

நன்றிப் பக்கத்தில் உன் பெயர் இல்லாததும் அதனால்தான். புத்தகமே ‘வீட்டைக் காத்த என் அண்ணன் சிரிலுக்கு’ என்று தொடங்குகிறது. அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். நடுவருக்கு லஞ்சம் கொடுத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே. இதோடு அதையும் வைத்திருக்கிறேன்.

உறையை நீ இன்னும் போடவில்லை. கிழித்தாலும் சரி, போட்டாலும் சரி. மெழுகுவர்த்தி விஷயம் நமக்குள் இருக்கட்டும் என்றால் இருக்கும். நான் ரேடியோவில் எல்லாவற்றையும் சொல்கிறவள் அல்ல.

ப்ரேடா


ஸாப்ரெக்,
30 மே 1998

ப்ரேடா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. நாலு முறை தொடங்கிக் கிழித்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். வாசல், அடுப்பங்கரை, பேரி மரம் எல்லாம் பார்த்தேன். நான் பிறந்த வீட்டில் விருந்தாளி போல நடந்தேன். பிறகு கோபம் வந்தது. நீ எனக்குப் பொய் சொன்னாய் என்று அல்ல. அந்தப் பொய்யைச் சொல்லும் இடத்தில் நீ இருந்தாய் என்று. கொடுப்பவள் நீ, வாங்கிக்கொள்பவன் நான். வீடும் ரத்தமும் போன பிறகு, பெரிய மனசும் உன்னிடமே இருக்கிறது. எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது, இப்போதும் எரிகிறது. ஒளிக்கவில்லை.

மேயர் வந்தார். நான் லுப்லியானா போனதை வைத்துச் சங்கத்தில் யாரோ ‘ஐந்தாவது பெயரில் சந்தேகம்’ என்று அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

“சிரில், ஒரே ஒரு பேரு. நூத்தம்பது வருஷம் முன்னாடி வாழ்ந்தவன். யாருக்குத் தெரியப் போவுது? கையெழுத்துப் போட்டுடுங்க. ஆகஸ்ட்ல உங்க வாசல்ல பேண்டு வாசிக்கிறாங்க.”

“எனக்குத் தெரியுமே” என்றேன்.

“அப்ப நீங்க லூகான் இல்லையா? நீங்க யாரு?”

“பண்ணையாள் மத்தியாவோட ஆளு” என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் முறை. மேயர் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினார். பிறகு, “பேண்டுக்கு முன்பணம் குடுத்துட்டோமே” என்றார்.

அறிக்கையை மாற்றி எழுதி, நேற்று தபாலில் போட்டேன். ‘ஐந்தாவது தலைமுறையில் உறவு தவறாகக் காட்டப்பட்டுள்ளது. திருத்தினால் சான்று தரலாம்’ என்று எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றே செய்தது என்று எழுதவில்லை, நடுவருக்குத் தெரிந்தது எல்லாம் அறிக்கையில் வர வேண்டியதில்லை. நேஜாவின் வழியை நீ சேர்க்க வேண்டும். தொமாஜின் வீட்டையும் உன் அம்மாவையும் ஒரு வரி குறையாமல், அந்த மெழுகுவர்த்தியோடு. என் அம்மா சொன்னதை எழுத வேண்டும் என்றாலும் எழுது. கல்தச்சரிடம் போய், கிரெகோருக்குக் கீழே நேஜா என்று வெட்டச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் மகன், அவன் மகன், உன் அம்மா, அதற்குக் கீழே நீ. என் வாசல் சுவரில். தினமும் காலையில் நான் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போக வேண்டும்.

‘என் அண்ணன் சிரிலுக்கு’ என்ற தாளை அப்படியே போடு. அதில் ‘வீட்டைக் காத்த’ என்பது சரியான தகவல், சோதித்துவிட்டேன். கூரையை நான்தான் மாற்றினேன்.

இப்போது ஒரு விஷயம். ஷூ பெட்டிகள் ஏழும் திங்கள்கிழமை பஸ்ஸில் உனக்கு வருகின்றன. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கிரெகோர் வரைக்கும் எல்லாம் அதில் இருக்கிறது, உனக்குத்தான் அது தேவை. எட்டாவது பெட்டியை நான் வைத்துக்கொண்டேன். புதியது, இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த வாரம் மலைக்கு அப்பால் போகிறேன், மத்தியா எந்தப் பண்ணையிலிருந்து வந்தான், அவன் அம்மா யார், ஏன் வீட்டை விட்டு வந்தான் என்று பார்க்க. என் வயதில் ஆட்களுக்கு முட்டி வலிக்கும், எனக்கு வலிக்கவில்லை.

அவன் உன் அப்பா வழியில் உனக்கும் பாட்டன்தான், தெரியும். அதைச் சொல்லிக்கொண்டு வராதே. ரேடியோவில் அவன் பெயரை எடுக்காதே. மூன்று குளிர்காலத்தில் முந்நூறு பக்கம் எழுதுகிறவள் நீ, எனக்கு ஒரு தேதிக்கே ஒரு வருடம் ஆகும். கிரெகோரை உனக்கு விட்டுவிட்டேன். மத்தியாவை எனக்கு விடு.

நவம்பரில் வா. மார்யெட்டாவும் அவள் இரண்டு புருஷர்களும் ஒரே குழியில்தான் இருக்கிறார்கள். கிரெகோருக்கு நீ ஏற்று. மத்தியாவுக்கு யாருமே ஏற்றியதில்லை, அவனுக்கு நான் ஏற்றுகிறேன். பெரிய மெழுகுவர்த்தியாக எடுத்து வராதே.

சிரில்